ராதாபாய்: குமாரமங்கலத்துக்கு வந்த மங்களூர் மருமகள்

திருச்செங்கோடு பக்கத்துல இருக்கும் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம்னா பலருக்கும் ஞாபகம் வருவது ஆண்கள்தான். அந்தக் குடும்பத்தின் இன்னொரு வேர் மங்களூரில் இருக்கு.

தலித் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்திய குத்முல் ரங்கராவின் மகள் ராதாபாய், 1891-ல் பிறந்தவர். சாதி கடந்து ஜமீன்தார் ப.சுப்பராயனை மணந்தார். கணவர் 1926-ல் சென்னை மாகாண முதன்மை அமைச்சர். ராதாபாயோ 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் பெண்களின் பிரதிநிதி. 1938-ல் மத்திய மேலவையின் முதல் பெண் உறுப்பினர்.

பிள்ளைகள்? பரமசிவ பிரபாகர் ராணுவத் தளபதி. மோகன் இந்திரா அமைச்சரவையில். மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. பேரன் ரங்கராஜன் வாஜ்பாய் அமைச்சரவையில்.

மகன்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டது அப்பாவின் ஊர். அம்மாவின் பெயரைத் தேடித்தான் படிக்கணும்.