ஈரப் பஞ்சும் மின்சாரமும்

பிரான்ஸ் நாட்டின் வடக்குக் கரையில் புலோன் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கே கடலோடிகளின் குடும்பத்தில் 1806ஆம் ஆண்டு கியோம் துஷேன் பிறந்தார். தம்மைப் போலவே மகனும் கப்பலேற வேண்டுமென்று தந்தை விரும்பினார். துஷேனின் மனமோ அறிவியலை நாடியது. பாரிஸில் மருத்துவம் பயின்று 1831இல் பட்டம் பெற்ற அவர், சொந்த ஊருக்கே திரும்பி மருத்துவராகப் பணியாற்றினார், திருமணமும் செய்துகொண்டார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆண் குழந்தையைப் பெற்றெடுத்த மனைவி, பேறுகாலக் காய்ச்சலால் இறந்துபோனார். பிரசவம் பார்த்தவர் துஷேன் என்பதால் பழி அவர்மீது விழுந்தது. அக்காய்ச்சலுக்குக் கிருமிகளே காரணம் என்பதை மருத்துவ உலகம் அறியாத காலம் அது. குழந்தையை மனைவியின் குடும்பத்தினர் வளர்த்தனர். தந்தைக்கும் மகனுக்கும் இடையே பல்லாண்டுகள் தொடர்பே இல்லாமல் போயிற்று.

நரம்பு வலியைப் போக்க, உடலில் ஊசிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சும் முறை அப்போது பிரான்சில் இருந்தது. துஷேனும் அதைச் செய்துபார்த்தார். மின்சாரம் பாய்ந்ததும் தசை சுருங்குவது அவரது கருத்தைக் கவர்ந்தது. ஆனால், ஊசி குத்துவதே நோயாளிக்கு வேதனை தந்தது. தோலைத் துளைக்காமல், வேண்டிய தசையை மட்டும் இயக்க வழி உண்டா என்று அவர் தேடினார். விடை எளிமையானது. உலர்ந்த தோல் மின்சாரத்தைப் பெரிதும் தடுக்கும். ஈரமான தோல் உள்ளே விடும். ஆகவே, நனைந்த பஞ்சு பொருத்திய மின்முனைகளைத் தசைக்கு மேலே வைத்து அழுத்தினார். ஊசிக்கு வேலையில்லாமல் போயிற்று. இன்றும் இயன்முறை மருத்துவர்கள் தோலின்மேல் ஒட்டும் பட்டைகளின் வழியாகவே தசைகளைத் தூண்டுகின்றனர்.

1842இல் துஷேன் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். எந்த மருத்துவமனையிலும் அவருக்குப் பதவி இல்லை. தாம் வடிவமைத்த மின்கருவியைச் சுமந்துகொண்டு மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்றார். சிலர் ஏளனம் செய்தனர். அவரோ நோயாளிகளிடம் பொறுமையாகக் கேள்விகள் கேட்டார். ஒருவர் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டால், அங்கும் தேடிச் சென்று பார்த்தார்.

அந்தக் கருவி சிகிச்சைக்கு மட்டுமன்றி நோயைக் கண்டறியவும் உதவியது. மூளைப் பாதிப்பால் முடங்கிய கை, மின்சாரம் பட்டதும் அசைந்தது. நரம்பு சிதைந்த தசையோ அசையவில்லை. குறை எங்கே இருக்கிறது என்பதை இப்படி அறிய முடிந்தது. 1855இல் தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மருத்துவர் ஷார்கோ அவரைத் தம் ஆசானாக மதித்தார்.

எல்லா முடக்கமும் மின்சாரத்துக்குக் கட்டுப்படவில்லை. சிறுவர்களின் தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் ஒரு நோயை அவர் 1868இல் விரிவாக விளக்கினார். அந்நோய் இன்று துஷேன் பெயரால் அழைக்கப்படுகிறது. அதை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

பிரிந்திருந்த மகன் தாமும் மருத்துவராகித் தந்தையிடம் திரும்பி வந்தார். இருவரும் பாரிஸில் சேர்ந்து பணியாற்றினர். ஆயினும், மகனே முதலில் இறந்தார். துஷேன் 1875ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் காலமானார்.