வேலூர்ச் சிறையில் ஒரு நகராட்சித் தலைவர்

ராஜாஜி என்றதும் பலருக்கு கவர்னர் ஜெனரல் பதவியும் வேதாரண்யமும் நினைவுக்கு வரும். தோல் தொழிலால் வாழும் ஆம்பூரில் வளர்ந்த எனக்கோ, வேலூர்ச் சிறையில் அவர் கழித்த மூன்று மாதங்களே முதலில் தோன்றும். 1921 டிசம்பரில் உள்ளே சென்று 1922 மார்ச்சில் வெளிவந்தார். அங்கே எழுதிய நாட்குறிப்பில், விடுதலை கிடைத்த பின் தேர்தல் ஊழலும் செல்வத்தின் ஆதிக்கமும் நிர்வாகத் திறமையின்மையும் மக்களை வாட்டும் என்று அஞ்சுகிறார். விடுதலைக்காகச் சிறை புகுந்தவரின் அச்சம் இது.

இதைத் தீர்க்கதரிசனம் என்று போற்றுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. அது அனுபவத்தில் விளைந்தது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த அவர் 1911-இல் நகராட்சி உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவர். வேலூரைப் போலவே சேலமும் 1866-இல் நகராட்சியான ஊர். ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்குப் பின்னர்தான் இத்தகைய ஊர்களில் தேர்தல் முறை வலுப்பெற்றது. வாக்குரிமையோ வரி செலுத்தும் சிலருக்கே.

அந்தச் சிலரின் மனம் கோண அவர் தயங்கவில்லை. அக்ரகாரத்துக்குக் குடிநீர் விடும் பணியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரை அமர்த்தினார். வைதிகர்கள் கொதித்தெழுந்தனர். தலைவர் அசையவில்லை. தாழ்த்தப்பட்டோரில் ஒருவர் முதன்முதலாகச் சேலம் நகராட்சி உறுப்பினராவதற்கும் அவரே துணை நின்றார். (1953-இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. ஆயினும் சேலத்துக் குழாயடியில் அவர் செய்ததை அதற்காக மறைப்பது முறையன்று.)

தண்ணீர் யார் கையால் வருகிறது, யார் வீட்டுக்கு முதலில் வருகிறது என்பதைத் தீர்மானிக்கும் இடம் நகர்மன்றம். அந்த மன்றங்களைத்தான் நாம் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தேர்தலின்றி அதிகாரிகளிடம் விட்டுவைத்தோம். ஐந்தாண்டுகளுக்கு மேல் கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் எவருமில்லை. தேர்தல் ஊழலுக்கு அஞ்சிய ராஜாஜிகூட, தேர்தலே வேண்டாம் என்று சொன்னவரல்லர். அனைவருக்கும் கல்வி தருவதையே மருந்தாக நாடினார்.

தோல் கழிவால் பாலாற்றங்கரையின் நிலத்தடி நீர் கெட்டது. இன்று ஆம்பூர்க் குழாய்களில் வரும் காவிரி நீர் சேலம் மாவட்டத்து மேட்டூர்ப் பகுதியிலிருந்து புறப்படுகிறது.