விளையாட்டை உள்ளங்கையில் வைத்தவர்

ஜப்பான் நாட்டின் பழம்பெரும் நகரமான கியோட்டோவில் 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் குன்பே யோக்கோய் பிறந்தார். அவ்வூரிலேயே தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் கற்றார். 1965இல் நின்டெண்டோ என்னும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். இன்று உலகமறிந்த அந்நிறுவனம் அப்போது மலர்ப் படங்கள் அச்சிட்ட சீட்டுக்கட்டுகள் செய்துகொண்டிருந்தது. சீட்டுத் தயாரிக்கும் இயந்திரங்கள் பழுதாகாமல் பார்த்துக்கொள்வதுதான் பட்டதாரியான நம் யோக்கோயின் வேலை.

இயந்திரம் ஒழுங்காக ஓடினால் பழுதுபார்ப்பவருக்கு என்ன வேலை? ஓய்வு நேரத்தில் அவர் தமக்கென ஒரு விளையாட்டுச் சாமான் செய்துகொண்டார். கடைகளில் மடக்கி நீட்டும் இரும்புக் கதவைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகளைப் பொருத்தி, பிடியை அழுத்தினால் நீண்டு சென்று எட்டாத பொருளைப் பற்றும் ஒரு கை அது. கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி அதைக் கண்ணுற்றார். வேலை நேரத்தில் விளையாட்டா என்று விரட்டியிருக்கலாம். அவரோ அதையே விற்பனைக்குரிய பொருளாக்கும்படி பணித்தார். 1966இல் வெளிவந்த அந்த 'அல்ட்ரா ஹேண்ட்' பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது. பழுதுபார்ப்பவர் பொம்மை படைப்பவரானார்.

ஒருநாள் அதிவேக ரயிலில் செல்கையில், எதிரே அலுவலர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருப்பதை யோக்கோய் கண்டாராம். அக்காலத்தில் கால்குலேட்டர் கம்பெனிகள் ஒன்றையொன்று முந்தப் போட்டியிட்டதால் எல்.சி.டி. திரைகள் மலிந்து கிடந்தன. அந்தத் திரையைக் கணக்குக்கு மட்டும் ஏன் விட வேண்டும்? 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. ஒரு கருவியில் ஒரு விளையாட்டு, கூடவே கடிகாரம். சட்டைப்பைக்குள் அடங்கிவிடும்.

புதிதாக வந்த விலையுயர்ந்த நுட்பத்தின் பின்னால் ஓடாதே; நன்கு பழகி, குறைகள் தெரிந்து, விலையும் இறங்கிவிட்ட நுட்பத்தை எடுத்து எவரும் நினையாத வேலைக்குப் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. அத்தகைய பழைய நுட்பத்தை அவர் வாடிய நுட்பம் என்றே அழைத்தார். நம் அன்னையர் நேற்றைய இட்லியை உதிர்த்து உப்புமா செய்வதை எண்ணிக்கொண்டால் எளிதாக விளங்கும்.

1982இல் வந்த ஒரு 'கேம் அண்ட் வாட்ச்' கருவியில் கூட்டல் குறி வடிவப் பொத்தானை அவர் அமைத்தார். கட்டைவிரலை அதன்மேல் வைத்தால் பார்க்காமலே நான்கு திசையும் தெரியும். என்னைக் கேட்டால், அவர் செய்தவற்றுள் இதுவே தலைசிறந்தது.

1989 ஏப்ரலில் 'கேம் பாய்' வெளிவந்தது. விளையாட்டுகளைத் தனித்தனியாக வாங்கி மாற்றிப் பொருத்தலாம். சடோரு ஒகாடா முதலிய பொறியாளர்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு. திரையில் வண்ணமில்லை, நான்கே சாயைகள்; உள்விளக்கும் இல்லாததால் இருட்டில் ஒன்றும் தெரியாது. அதே ஆண்டில் அடாரி கம்பெனி 'லிங்க்ஸ்' என்ற கருவியை வண்ணத் திரையும் விளக்கும் வைத்து வெளியிட்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் லிங்க்ஸையே விரும்புவர். ஆனால் அமெரிக்காவில் அதன் விலை சுமார் 180 டாலர். கேம் பாயோ சுமார் 90. சுவர்க் கடிகாரத்திற்குப் போடுகிறோமே, அந்தச் சிறு பேட்டரி ஆறு போட்டாலும் லிங்க்ஸ் நான்கைந்து மணி நேரமே ஓடும். கேம் பாய் நான்கு பேட்டரியில் சுமார் 15 மணி ஓடியது. பேட்டரி வாங்கக் காசு கொடுப்பது பெற்றோர் அல்லவா! 1991இல் வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிய ஒரு கேம் பாய் அதன் பின்னும் இயங்கியது; நியூயார்க் கடையொன்றில் பல்லாண்டு காட்சிக்கு இருந்தது. வண்ணத்தில் வந்த அதன் தம்பியையும் சேர்த்து 11 கோடிக்கும் மேல் விற்றன.

இன்று பழைய விளையாட்டுகள் நானூறு அடங்கியது என்று பெட்டியில் அச்சிட்டுச் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கையடக்கக் கருவிகளைத் தோழியர் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றை யோக்கோயின் கண்ணால் சோதித்துப் பாருங்கள். மேல்நோக்கி அழுத்தினால் பக்கவாட்டிலும் நகர்கிறதா? வெயிலில் திரை தெரிகிறதா? ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு நேரம் தாங்குகிறது? பெயரை மட்டும் மாற்றி ஒரே விளையாட்டையே பலமுறை அடுக்கியிருக்கிறார்களா? உரியவரின் அனுமதி பெற்றவைதானா என்பதையும் அம்மா அப்பா கேட்பது நல்லது. விலை குறைவு என்பது மட்டும் கேம் பாயின் குணமன்று.

அவருக்கும் சறுக்கல் வந்தது. 1995இல் 'வர்ச்சுவல் பாய்' என்ற கருவியை வெளியிட்டார். கண்ணை வைத்து உள்ளே பார்த்தால் படங்கள் ஆழத்துடன் தெரியும்; ஆயினும் எல்லாம் சிவப்பு ஒரே நிறம். செலவைக் குறைக்கவே சிவப்பு விளக்குகளைத் தேர்ந்திருந்தனர். கண்ணும் தலையும் வலிப்பதாக மக்கள் குறைகூறினர். ஓராண்டுக்குள் விற்பனை நின்றது. மலிவானதைத் தேடிய கை அங்கே தவறான பொருளை எடுத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1996 ஆகஸ்டில் முப்பத்தொரு ஆண்டு உழைத்த இடத்தை விட்டு அவர் விலகினார். அத்தோல்விதான் காரணம் என்று ஊர் பேசியது, அவர் மறுத்தார். விலகுமுன், கேம் பாயை மெலிதாக்கி 'கேம் பாய் பாக்கெட்' என முடித்துக் கொடுத்துவிட்டே சென்றார்.

பின்னர் கோட்டோ என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் கம்பெனிக்காகப் புதிய கையடக்கக் கருவியொன்றில் ஈடுபட்டார். 1997 அக்டோபர் 4ஆம் நாள் ஹொக்குரிக்கு நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் சிறு விபத்துக்குள்ளாயிற்று. சேதத்தைப் பார்க்க இறங்கியவர்மீது வேறொரு கார் மோதியது. அப்போது அவருக்கு வயது 56.

அந்தக் கருவி 1999 மார்ச்சில் 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் 4,800 யென்னுக்குக் கடைக்கு வந்தது. முப்பது மணி நேரம் ஓட அதற்கு ஒரே ஒரு பேட்டரி போதும். உடன் வெளிவந்த புதிர் விளையாட்டுக்கு 'குன்பே' என்று பெயர் சூட்டியிருந்தனர்.