தோற்ற பக்கத்தில் நின்ற தூண்டில்காரர்: ஐசாக் வோல்ற்றன்

1653ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு சிறிய நூல் வெளிவந்தது. விலை 18 பென்ஸ். மீன் பிடிப்பது எப்படி என்பதே அதன் பொருள். தலைப்புப் பக்கத்தில் எழுதியவரின் பெயர்கூட இருக்கவில்லை. அப்போது அரசரின் தலை வெட்டப்பட்டு 4 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாடு படையினரின் கையில் இருந்தது. அப்படியான ஒரு காலத்தில் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரையில் நடப்பதைப் பற்றி எழுதியவர், 60 வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு துணிக்கடைக்காரர். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்தவர். பெயர் ஐசாக் வோல்ற்றன்.

அந்த நூல் இன்றுவரை நூற்றுக்கணக்கான பதிப்புகளைக் கண்டுவிட்டது. பிரித்தானியாவில் வாழும் எம்மவர் பலர் அந்தப் பெயரை ஏதாவது ஒரு மதுச்சாலைப் பலகையிலோ தூண்டில் கடையிலோ பார்த்திருப்பார்கள். பேரைக் கேட்டால் கவலை தெரியாமல் வாழ்ந்த ஒரு கனவான் என்றுதான் தோன்றும். ஆனால் அவரது வாழ்க்கையை வரவு செலவாக எழுதிப் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். போரும் இடப்பெயர்வும் தெரிந்த நாம் அவரைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வோல்ற்றன் 1593இல் ஸ்ரபோர்ட் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் மதுச்சாலை நடத்தியவர். மகனுக்கு நான்கு வயது நிறையுமுன்னரே இறந்துபோனார். வோல்ற்றனுக்குப் பல்கலைக்கழகப் படிப்புக் கிடைக்கவில்லை. இலண்டனுக்கு வந்து துணி வியாபாரம் பழகினார். 1618இல் இரும்பு வணிகர் சங்கத்தில் உறுப்புரிமை பெற்றார். உறுப்புரிமை இரும்புக்கு, விற்றதோ துணி. அன்றைய இலண்டனில் ஒரு சங்கத்தில் இருந்துகொண்டு வேறு தொழில் செய்வது வழக்கமாக இருந்தது. பிளீற் வீதியில் அவருக்கு இருந்தது பாதிக் கடை மட்டுமே. மற்றப் பாதியில் வேறொருவர் வியாபாரம் செய்தார்.

அந்தப் பகுதித் தேவாலயத்துக்குக் குருவாக வந்தவர் கவிஞர் ஜோன் டன். கடைக்காரருக்கும் குருவுக்கும் நட்பு உண்டாயிற்று. டன் 1631இல் இறந்தபின் அவரது வாழ்க்கையை எழுத ஒரு பெரிய மனிதர் முன்வந்து, தகவல் திரட்டும் வேலையை வோல்ற்றனிடம் கொடுத்தார். அவரும் எழுதாமலே இறந்துபோக, வேறு வழியில்லாமல் வோல்ற்றனே எழுதினார். 1640இல் அது அச்சேறியது. அந்த ஆண்டிலேயே அவரது மனைவி ரேச்சல் இறந்தார். அவர்களுக்குப் பிறந்த 7 பிள்ளைகளில் ஒருவர்கூட வளர்ந்து ஆளாகவில்லை. பின்னர் ஆன் கென் என்பவரை மணந்து 3 பிள்ளைகளைப் பெற்றார். அவர்களிலும் ஒரு ஆண்குழந்தை கைக்குழந்தையாகவே போயிற்று. ஆக 10 பிள்ளைகளில் 8 பேரை மண்ணுக்குக் கொடுத்த மனிதர் அவர். அவரது நூலில் உள்ள அமைதியைப் படிக்கும்போது இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1642இல் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. இலண்டன் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றது. வோல்ற்றன் அரசரையும் ஆயர்களின் திருச்சபையையும் சார்ந்தவர். அவர் தொழிலை விட்டு நகரை நீங்கினார். 1645இல் பேராயர் லோட் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். சிறுவயதில் இருந்து வோல்ற்றன் வழிபட்ட மன்றாட்டு நூல் தடைசெய்யப்பட்டது. நத்தார்க் கொண்டாட்டத்துக்கும் தடை வந்தது. அவரது நண்பர்களான குருமார் பலர் பதவியையும் வீட்டையும் இழந்தார்கள். 1649இல் அரசர் சாள்ஸ் கொல்லப்பட்டார்.

1651 செப்ரெம்பரில் வூஸ்ரர் என்ற இடத்தில் இறுதிச் சண்டை நடந்தது. கொல்லப்பட்ட அரசரின் மகன் தோற்று ஓடினார். அவருடைய அரச பதக்கம் ஒன்று ஸ்ரபோர்ட் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டது. அது கைமாறிக் கைமாறி வோல்ற்றனிடம் வந்து சேர்ந்தது. இலண்டன் கோட்டைச் சிறையில் இருந்த கேணல் பிளேக்கிடம் அதை ஒப்படைக்க வேண்டும். பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் எமது ஆக்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 58 வயதான வோல்ற்றன் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிளேக் பின்னர் சிறையிலிருந்து தப்பிக் கடல் கடந்துபோய், பதக்கத்தை உரியவரிடம் கொடுத்தார். வோல்ற்றன் தன் நூல் எதிலும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எலியாஸ் அஷ்மோல் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்ததால்தான் எமக்குத் தெரிகிறது.

இதற்கு இரண்டு வருடங்களின் பின் வந்ததுதான் அந்தத் தூண்டில் நூல். ஒரு தூண்டில்காரரும் ஒரு வழிப்போக்கரும் ரொட்டன்ஹாமில் சந்தித்து, லீ ஆற்றை ஒட்டி வடக்கே நடக்கிறார்கள். இன்று எம்மவர் நிறைந்து வாழும் கிழக்கு இலண்டனை ஒட்டி ஓடுகிறதே, அதே ஆறுதான். எந்த மீன் எங்கே கிடக்கும், எதைத் தின்னும், எப்படிச் சமைத்தால் ருசிக்கும் என்று பேச்சுப் போகிறது. இடையிடையே பாட்டு, மழைக்கு ஒதுங்குதல், சுத்தமான விடுதியில் படுக்கை. போர் அங்கே பேசுபொருளாக வருவதேயில்லை.

இது கோழைத்தனமா என்று கேட்கலாம். தோற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு மீன் பிடிக்கப் போவதா என்று கேட்பவர்கள் எமக்குள்ளும் உண்டு. ஆனால் வோல்ற்றன் வாயை மூடிக்கொள்ளவில்லை. டன்னில் தொடங்கி வொட்டன், ஹூக்கர், ஹேர்பேட், சான்டர்சன் என்று ஐந்து பேரின் வாழ்க்கையை அவர் எழுதினார். நால்வர் குருமார், வொட்டன் ஒரு தூதுவர். தன் திருச்சபை எதை மதித்தது என்பதை அந்த ஐந்து மனிதரின் வழியாகப் பதிந்து வைத்தார். கடைசி நூல் 1678இல் வந்தபோது அவருக்கு வயது 85. மறுபக்கத்தில், தூண்டில் நூலையும் ஒவ்வொரு பதிப்பிலும் திருத்தியும் பெருக்கியும் கொண்டே இருந்தார். 13 அத்தியாயங்களாகத் தொடங்கியது 21 ஆக வளர்ந்தது. ஒரு கையில் இழந்ததன் பதிவேடு, மறு கையில் இன்னும் மிஞ்சியிருக்கும் ஆறும் மீனும். இரண்டையும் அவர் ஒன்றாகவே சுமந்தார்.

அவரிடம் எமக்குப் பிடித்த இன்னொரு குணம், தெரியாததைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது. புழு கோத்து மீன் பிடிப்பதில் அவர் வல்லவர். இறகாலும் நூலாலும் போலி ஈ கட்டி ட்ரவுட் மீன் பிடிப்பதில் அவருக்கு அவ்வளவு தேர்ச்சி இல்லை. முதற் பதிப்பில் அந்தப் பகுதிக்குத் தோமஸ் பார்க்கர் என்ற சமையற்காரர் எழுதிய நூல் கைகொடுத்தது. 1676இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, அந்தக் கலையை முழுதாகச் சொல்லும் இரண்டாம் பாகத்தைத் தன் நண்பர் சாள்ஸ் கொற்றனைக் கொண்டு எழுதுவித்தார்.

கொற்றன் அவரைவிட 37 வயது இளையவர். டவ் ஆற்றங்கரையில் பெரிய வீடு, அதைவிடப் பெரிய கடன். பிற்காலத்தில் அந்தப் பூர்வீக வீட்டையே விற்க வேண்டிவந்தது. பக்திமானான முதியவருக்கும் ஊதாரியான இந்தக் கவிஞருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று பலர் வியந்திருக்கிறார்கள். கொற்றன் அவரைத் தகப்பன் என்றே அழைத்தார். 1674இல் ஆற்றோரம் ஒரு சிறு கல்வீடு கட்டி, வாசலுக்கு மேலே இருவரின் பெயர் எழுத்துகளையும் பின்னிச் செதுக்குவித்தார். அந்த வீடு இன்றும் நிற்கிறது.

கொற்றன் கற்பித்த வேலை நுட்பமானது. அக்காலத் தூண்டில் முள்ளுக்குக் காது இல்லை. குதிரை வால்மயிரோடு சேர்த்து முள்ளைப் பட்டுநூலால் இறுக்கிக் கட்டுவார்கள். மிருக உரோமத்தை நூலில் முறுக்கி உடல் செய்வார்கள். அந்த உரோமத்தின் உண்மையான நிறத்தை அறியச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது கொற்றனின் பாடம். பிறகு கழுத்து இறகு ஒன்றைச் சுற்றினால் பூச்சியின் கால்கள் வந்துவிடும்.

இந்த வேலை பின்னர் வடக்கே இன்னும் எளிமையாயிற்று. எடின்பரோவில் ஸ்ருவர்ட் என்பவர் 1857இல் வெளியிட்ட நூலில் சிலந்தி என்று பெயரிட்ட மூன்று ஈக்களைப் பரிந்துரைத்தார். சிறகு இல்லை, வால் இல்லை. மெல்லிய பட்டு உடல், அதன்மேல் சிறு பறவை ஒன்றின் மென்மையான இறகு சில சுற்று. அவ்வளவுதான். சேவலின் விறைப்பான இறகு நீரிலும் விறைத்தே நிற்கும். மென்மையான இறகு சிறு அசைவுக்கும் விரிந்து சுருங்கும். அதனால்தான் ஓட்டமில்லாத ஏரி நீரிலும் அது பலிக்கிறது. மெதுவாக இழுத்து நிறுத்தினால், நீரடியில் இருந்து மேலெழும் பூச்சி மூச்சு விடுவதுபோல் இருக்கும். ட்ரவுட் வந்து கௌவும். இலங்கையிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் நுவரெலியா மலைநீரில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டது இந்த ஆசையினால்தான்.

1660இல் அரசாட்சி மீண்டது. பதக்கத்துக்கு உரியவர் அரியணை ஏறினார். பழைய நண்பர் மோர்லி ஆயரானார். வோல்ற்றன் அவரோடு வூஸ்ரருக்குப் போனார். அங்கே 1662இல் இரண்டாவது மனைவியும் இறந்தார். பிறகு வின்செஸ்ரர் வாழ்க்கை. 1683 டிசெம்பர் 15ஆம் திகதி, கடும் உறைபனிக் காலத்தில், 90 வயதில் அங்கே இறந்து, அந்தப் பேராலயத்திலேயே அடக்கமானார். அங்கே 1914இல் பிரித்தானிய, அமெரிக்கத் தூண்டில்காரர்களின் பணத்தில் பதித்த வண்ணக் கண்ணாடியில் அவர் ஆற்றங்கரையில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு அந்தக் கண்ணாடியைவிட அவரது மரணசாசனம்தான் பெரிதாகத் தெரிகிறது. 1683 ஓகஸ்ட்டில் அதை எழுதத் தொடங்கினார். மகன் மணம் முடிக்காவிட்டால் தன் பண்ணை பிறந்த ஊருக்குப் போகவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மகன் மணம் முடிக்கவில்லை. பண்ணை ஊருக்குப் போயிற்று. அதன் வருமானத்தில் ஆண்டுக்கு 10 பவுண்ட், ஏழைப் பெற்றோரின் 2 பையன்களைத் தொழில் பழக அனுப்ப. 5 பவுண்ட், ஒரு வேலைக்காரப் பெண்ணின் அல்லது நேர்மையான ஏழையின் மகளின் திருமணத்துக்கு. மிஞ்சும் பணத்தில் ஏழைகளுக்கு நிலக்கரி. அதையும் ஜனவரிக் கடைசியில் அல்லது பெப்ரவரி தொடக்கத்தில் கொடுக்கச் சொன்னார், குளிர் மிகவும் வாட்டுவது அப்போதுதான் என்பதால்.

தகப்பனில்லாத பிள்ளையாகப் பட்டணத்துக்குத் தொழில் பழகப் போனவர், தன்னைப் போன்ற 2 பையன்களுக்கு ஆண்டுதோறும் வழி செய்துவிட்டுப் போனார். நாமும் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். அதில் எம்மவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் எமக்குப் படிப்பித்த வாத்தியார், கடன் தந்த கடைக்காரர், கோயிலைப் பார்த்துக்கொண்ட ஐயர் ஆகியோரின் வாழ்க்கையை நாம் எழுதி வைத்திருக்கிறோமா? வோல்ற்றன் முதல் நூலை அச்சேற்றியபோது அவருக்கு 46 வயது. எம்மில் பலர் அந்த வயதைத் தாண்டிவிட்டோம். அவர்களைத் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே தொடங்குவது நல்லது.