வானமே முதல் பாடநூல்

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் பெயர்த்தியிடம் நிலவு ஏன் தேய்கிறது என்று கேட்டேன். பூமியின் நிழல் மறைப்பதால் என்று தயங்காமல் சொன்னாள். படித்த பெரியவர்கள் பலரும் இதே விடையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ஒடிசாவின் பதானி சாமந்தர்.

சாமந்த சந்திரசேகரர் என்னும் அவர், 1835-இல் கண்டபாரா அரச குடும்பத்தில் பிறந்தார். குடும்பப் பெருமை இருந்ததே தவிர, செல்வமோ ஆங்கிலக் கல்வியோ அவருக்கு வாய்க்கவில்லை. சிறுவயதில் குடும்பப் பெரியவர் ஒருவர் விண்மீன்களை அடையாளம் காட்டினார். பதின்ம வயதிலேயே, பழைய நூல்களின் கணக்குப்படி கோள்கள் வானில் இருக்கவில்லை என்பதை அச்சிறுவர் கண்டுகொண்டார். நூல்களை அவர் ஒதுக்கவில்லை. வானைப் பார்த்துத் திருத்த முற்பட்டார்.

தொலைநோக்கி இன்றி, இரு கழிகளைக் குறுக்காகப் பொருத்திய மான யந்திரத்தைக் கொண்டே கோணங்களை அளந்தார். நிலவின் ஓட்டத்தில் உள்ள மூன்று முக்கிய மாறுபாடுகளை, மேலைநாட்டு நூல்களின் துணையின்றிக் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று, சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தொலைவு ஆண்டு முழுவதும் மாறுவதால் நேர்வது. அவருடைய 'சித்தாந்த தர்ப்பணம்', கட்டாக் கல்லூரிப் பேராசிரியர் யோகேஷ் சந்திர ராயின் முயற்சியால் 1899-இல் அச்சேறியது. 1904-இல் அவர் மறைந்தார்.

சூரியன் பூமியைச் சுற்றுவதாகவே அவர் இறுதிவரை கருதினார் என்பதையும் சொல்ல வேண்டும். அது பிழை என்பதை இன்று பத்து வயதுப் பிள்ளை அறியும். ஆனால், இன்றிரவு நிலவு எந்தத் திசையில், எவ்வடிவில் தோன்றும் என்பதை அப்பிள்ளை அறியாது. சரியான கொள்கையை மனப்பாடம் செய்வித்துவிட்டு, அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தை நாம் கைவிட்டுவிட்டோம்.

தேய்பிறை அஷ்டமியன்று காலை ஏழு மணிக்குப் பெயர்த்தியை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றேன். கிழக்கே சூரியன், உச்சியிலிருந்து மேற்கே சற்றுச் சாய்ந்து வெளிறிய அரைநிலவு. பூமியின் நிழல் இப்போது எப்பக்கம் விழும் என்று மட்டும் கேட்டேன். சூரியனுக்கு நேர் எதிரே, மேற்கு அடிவானத்துக்கும் கீழே என்று கை நீட்டியவள், நிலவைப் பார்த்தாள். நிழல் அங்கே எட்டவே எட்டாதே என்றாள். சூரியனைப் பார்த்த பாதிதான் ஒளிர்கிறது என்பதையும் அவளே கண்டு சொன்னாள்.

இதற்குச் செலவான நேரம் பத்து நிமிடம். மாதம் இருமுறையேனும் வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகளை நிறுத்தி, வானைப் பார்த்து வரையச் சொல்ல நம் பள்ளிகளால் முடியாதா?