கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை!
சதுரங்க வீரர் சிகோரின் கதை

ரஷிய நாட்டில் கட்சினா என்று ஓர் ஊர். 1850-ம் ஆண்டு அங்கே பிறந்தவர் மிகெய்ல் சிகோரின். சின்ன வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் வளர்ந்தார்.

சதுரங்கம் ஆட அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆசிரியர். அப்போது சிகோரினுக்கு வயது 16. இந்தக் காலத்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் பந்தயத்துக்குப் போகிறார்கள் அல்லவா? அதைப் பார்த்தால் இது ரொம்பத் தாமதம்தான்!

படிப்பு முடிந்ததும் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. வேலையை விட்டார். சதுரங்கமே வாழ்க்கை ஆயிற்று. 1876-ல் சதுரங்கத்துக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார்.

அந்த நாளில் உலக சாம்பியன் ஸ்டீனிட்ஸ். 1889-ல் கியூபா தீவின் ஹவானா நகரில் சிகோரின் அவரோடு மோதித் தோற்றார். பிறகு இருவரும் தந்தி மூலம் இரண்டு ஆட்டங்கள் ஆடினார்கள். ஒருவர் நியூயார்க்கில், மற்றவர் பீட்டர்ஸ்பர்க்கில்! இரண்டிலும் வென்றவர் சிகோரின்.

மீண்டும் ஹவானா

1892-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இருவரும் மறுபடியும் ஹவானாவில் உட்கார்ந்தார்கள். முதலில் 10 ஆட்டங்களில் ஜெயிப்பவருக்குப் பட்டம். இரண்டு மாதம் போட்டி நடந்தது. 22 ஆட்டங்கள் முடிந்தபோது ஸ்டீனிட்ஸுக்கு 9 வெற்றி, சிகோரினுக்கு 8. மற்றவை சமநிலை.

பிப்ரவரி 28-ந் தேதி 23-வது ஆட்டம். வெள்ளைக் காய் சிகோரினுக்கு. அதிரடியாக ஆடினார். எதிரியைவிட ஒரு பெரிய காய் கூடுதலாகச் சேர்த்துவிட்டார். வெற்றி கைக்குள் வந்துவிட்டது. இதில் ஜெயித்தால் ஆளுக்கு 9!

அவருடைய ராஜா மூலையில் இருந்தது. அதற்கு முன்னே ஒரு சிப்பாய். எதிரியின் யானைகள் இரண்டும் அதே வரிசையில் பாய்ந்து வந்து நின்றன. அந்தச் சிப்பாய்க்குக் காவல் யார்? தூரத்தில் நின்ற மந்திரி ஒன்றுதான். குறுக்குக் கோட்டில் நின்றபடி அது யானைகளைத் தடுத்துக்கொண்டிருந்தது.

32-வது நகர்த்தல். சிகோரின் கை நீண்டது. அந்த மந்திரியையே எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார்!

காவல் போயிற்று. ஸ்டீனிட்ஸின் யானை சிப்பாயை வெட்டி ராஜாவுக்கு 'செக்' வைத்தது. அடுத்த யானை வந்தால் ராஜாவுக்குத் தப்ப வழியே இல்லை. சிகோரின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஸ்டீனிட்ஸுக்குப் பத்தாவது வெற்றி. பட்டம் அவரிடமே தங்கியது.

அத்தனை பெரிய ஆட்டக்காரர், புதிதாகப் பழகுகிறவர்கூட கவனிக்கக்கூடிய ஆபத்தை எப்படி மறந்தார்? இரண்டு மாதக் களைப்பு என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

பிறகு?

1894-ல் ஸ்டீனிட்ஸிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர் லாஸ்கர் என்ற இளைஞர். சிகோரினுக்குப் பட்டப் போட்டி ஆட மறுபடி வாய்ப்பே வரவில்லை.

ஆனாலும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1895-ல் இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் நகரில் 22 பேர் ஆடிய பெரிய பந்தயத்தில் இரண்டாவது இடம் பெற்றார். லாஸ்கர் அவருக்குப் பின்னால், மூன்றாவது! ஸ்டீனிட்ஸ் அதற்கும் பின்னால். முதல் பரிசு பெற்ற பில்ஸ்பரியையும் நேருக்கு நேர் ஆடியபோது சிகோரின் தோற்கடித்திருந்தார்.

1908-ம் ஆண்டு ஜனவரியில் லூப்ளின் நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 57.