அக்காவுக்கு முதல் முறை, தங்கைக்கு அடுத்த முறை

மலருக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதச் சொன்னாங்க. நான் மேரி கியூரியை எடுத்துக்கொண்டேன். குழுவில் கணக்கு எழுதுகிற எனக்கு, அவர் வாழ்க்கை ஒருத்தருக்கு ஒருத்தர் கைகொடுத்த கணக்காகவே தெரிகிறது.

எல்லாப் பொருளும் தனிமங்களால் ஆனதுதான். நம்ம தோசைக்கல்லில் இருப்பது இரும்பு, செப்புக்குடத்தில் இருப்பது தாமிரம். சமையல் உப்பு சோடியமும் குளோரினும் சேர்ந்தது. இப்படிப்பட்ட தனிமங்களில் இரண்டை உலகத்துக்குக் காட்டியவர் மேரி.

1867-ல், ரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்தின் வார்சா நகரத்தில் ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். பத்து வயதில் அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். பாரிசுக்குப் போய்ப் படிக்கலாம், ஆனால் பணம் இல்லை. அக்கா புரோனியாவும் அவரும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். முதலில் அக்கா போய் டாக்டருக்குப் படிப்பது, தங்கை வேலை செய்து பணம் அனுப்புவது. பிறகு அக்கா தங்கையைப் படிக்க வைப்பது. பணக்காரர் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, வருஷக்கணக்காகக் காத்திருந்தார் மேரி. 1891-ல் அவர் முறை வந்தது. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

பாரிசில் 1893-ல் இயற்பியல் பட்டத்தில் முதலிடம். 1895-ல் பியர் கியூரியைத் திருமணம் செய்துகொண்டார். 1898-ல் இருவரும் சேர்ந்து பொலோனியம், ரேடியம் என்ற இரண்டு புதிய தனிமங்களை அறிவித்தார்கள். ஆனால் ரேடியத்தைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டுமே! ஒழுகுகிற கொட்டகையில், டன் கணக்கான யுரேனியத் தாதுக் கழிவைக் கொதிக்க வைத்து, இரும்புக் கம்பியால் கிளறினார் மேரி. 1902-ல் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பு. அந்த வழிமுறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை. எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

1903-ல் நோபல் பரிசு. 1906-ல் குதிரை வண்டி மோதிப் பியர் இறந்தார். இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்ற மேரி, வேலையை விடவில்லை. 1911-ல் இரண்டாவது நோபலும் பெற்றார்.

பிறகு ரேடியத்தின் விலை ஏறிப்போய், ஆய்வுக்கு ஒரு கிராம் வாங்கக்கூட அவரிடம் வழியில்லை. அப்போது அமெரிக்கப் பெண்கள் ஒரு லட்சம் டாலர் வசூல் செய்து, 1921-ல் ஒரு கிராம் ரேடியம் கொடுத்தார்கள். விழாவுக்கு முந்தின ராத்திரி மேரி பத்திரத்தை மாற்றி எழுத வைத்தார். ரேடியம் தன் பேரில் இருக்கக் கூடாது, ஆய்வகத்துக்கே சொந்தமாக வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. பொதுப் பணத்தை எழுத்தில் காப்பாற்றுவது இதுதானே! 1932-ல் வார்சாவிலும் ரேடியம் நிலையம் திறந்தது. அதை நடத்தியவர் அதே அக்கா புரோனியா.

1934-ல் மேரி இரத்தச்சோகை நோயில் இறந்தார். பல வருஷம் பாதுகாப்பு இல்லாமல் கதிர்வீச்சில் வேலை செய்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அன்று ரேடியம் வைத்துக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்தார்கள். இன்று கோபால்ட், இரிடியம் போன்ற தனிமங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. எங்க குழுவில் ஒரு அக்காவுக்கு இந்தச் சிகிச்சை வாரக்கணக்கில் நடந்தது. கூலி வேலையை விட்டுத் தினமும் துணைக்குப் போக வீட்டில் ஆள் இல்லை. நாங்க முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு நாள் போனோம். இன்று அவங்க கூட்டத்துக்கு வந்து சந்தா கட்டுறாங்க.

முப்பது வயது தாண்டிய சகோதரிகள் அரசு மருத்துவமனையில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தனியாகப் போகப் பயந்தால் குழுவில் சொல்லுங்கள். ஒருத்தர் கூட வருவோம்.